புளியவளவில் யார் சொன்னது

லாரி வரவில்லை. விடிந்ததிலிருந்து புளியவளவு ஊரே கொட்டகை வாசலில் காத்துக்கிடந்தது. மூட்டை தூக்க வந்த ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்து உதறுவதும் மறுபடி கட்டுவதுமாகச் சாலை வளைவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓடு உடைத்து, கொட்டை எடுத்து, நார் உருவிக் காயவைத்த புளி உள்ளே கூரையைத் தொடும் அளவுக்கு அடுக்கியிருந்தது. அதன் புளிப்பு வாசனை வாசல் வரைக்கும் வந்தது.

வெண்மதி மட்டும் தள்ளி, பாறைமேல் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். அந்த வளவில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அது. கொட்டகையிலிருந்து பார்த்தால் அவள் கை அசைவது தெரியும். என்ன பேசுகிறாள் என்று கேட்காது. கோவிந்தம்மாள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெண்மதி இறங்கி வந்தாள். "வரமாட்டாங்களாம்."

"என்னாத்துக்காம்?" என்றாள் அவள் அம்மா பாஞ்சாலி.

"சரக்குமேல ஏதோ வழக்கு இருக்குதாம். வழியில லாரிய புடிச்சுக்குவாங்கன்னு யாரோ சொன்னாங்களாம். அப்பறம் பாக்கலாம்னு வெச்சுட்டாங்க."

"யாரோன்னா யாரு?"

"அத அவங்க சொல்லலம்மா."

ஆண்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. அதுதான் கோவிந்தம்மாளுக்குப் பொறுக்கவில்லை. முதலில் சேலத்து மசாலா கம்பெனி இப்படித்தான் கடைசி நேரத்தில் கையை விரித்தது. பிறகு கோயமுத்தூர் ஊறுகாய்க்காரர். இப்போது ஈரோடு. மூன்று ஊர்க்காரர்களுக்கும் ஒரே மாதிரி பயம் எப்படி வரும்? யாரோ முன்கூட்டியே போய் இல்லாத வழக்கைச் சொல்கிறார்கள். யாருக்கு விற்கிறோம் என்பது புளி விற்கும் குழுவில் இருப்பவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அப்படியானால் குழுவில் ஒருவர்.

சித்தேரி மலையில் புளியவளவு மாதிரி நிறைய வளவுகள் உண்டு. எல்லாம் மலையாளி என்கிற மலைவாழ் சனங்கள். சாமையும் ராகியும் போடுவார்கள். மாசி பிறந்தால் காட்டில் புளி உலுக்குவார்கள். மரம் தாத்தன் காலத்து மரம், ஆனால் பழம் குத்தகைக்காரருக்குச் சொந்தம். அரூர் மாதவராஜ்தான் வருஷாவருஷம் குத்தகை எடுப்பார். அவர் ஆட்கள் தராசைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். இவர்கள் தங்கள் மரத்தடியிலேயே கூலிக்கு நிற்பார்கள். காட்டில் விளைவதை எடுக்கவும் விற்கவும் ஊருக்கே உரிமை என்று பட்டா வந்தபிறகுதான் அது மாறியது. கிராம சபை கூடியது. இனிமேல் குத்தகை கிடையாது, நாமே எடுத்து, நாமே சுத்தம் செய்து, நாமே விற்போம் என்று தீர்மானம் போட்டார்கள். கொட்டகையை ஊரே கூடிக் கட்டியது. வருகிற பணத்தில் முதல் வேலையாக ஒரு ஜீப் வாங்க வேண்டும் என்று பெண்கள் சொன்னார்கள். பிரசவ வலி வந்தவளைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கிய கதை ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது.

குழுவுக்குப் பாஞ்சாலி தலைவி. காட்டுக்குள் யார் எந்தப் பக்கம் போவது என்று பார்ப்பது கோவிந்தம்மாளின் கணவர் மாதேஸ்வரன். கொட்டகையின் பொறுப்பு கோவிந்தம்மாளுக்கு. எதிர்வளவிலிருந்து இரண்டு பெரியவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் போனும் கிடையாது, அவர்கள் மலையை விட்டு இறங்குவதும் கிடையாது. வெளியூர் வியாபாரிகளிடம் பேசுவது வெண்மதி. தர்மபுரியில் பி.காம். படித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள், ஊர் கூப்பிட்டதென்று வேலையை விட்டுவிட்டு வந்தாள்.

நல்ல வேலையை யாராவது விட்டுவிட்டு வருவார்களா? இந்தக் கேள்வி கோவிந்தம்மாளுக்கு ஆரம்பத்திலேயே இருந்தது. பாஞ்சாலி அவள் கணவருடைய தங்கை. வெண்மதி இவள் தூக்கி வளர்த்த பிள்ளை. அதனால் கேட்காமல் இருந்தாள். இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வெண்மதி கையில் புதுப் போன். வியாபாரிகளிடம் பாதி தமிழும் பாதி இங்கிலீஷுமாகப் பேசுகிறாள், நடுநடுவே சிரிக்கிறாள். ஒருநாள் போனில் கல்லூரிப் படங்களைக் காட்டும்போது ஒரு பெண்ணைக் காட்டி, "இது என் கிளாஸ்மேட், மாதவராஜ் பொண்ணு" என்று சாதாரணமாகச் சொன்னாள். அன்றைக்கு அது ஒன்றுமாகப் படவில்லை. இன்றைக்கு முள்ளாய்க் குத்தியது.

மாதேஸ்வரனிடம் சொல்லிப் பார்த்தாள். "உன் புத்தி போற போக்கப் பாரு. அது நம்ம ரத்தம்" என்று சொல்லிவிட்டு அவர் காட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த வாரச் சந்தைக்கு அரூர் போனபோது நிர்மலாவிடம்தான் மனதை இறக்கிவைத்தாள்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நிர்மலா டிபன் கடை வைத்திருந்தாள். வாரம் தவறாமல் சீமாறும் எலுமிச்சையும் கொண்டுவந்து விற்கும் கோவிந்தம்மாள், திரும்பிப்போகும் பஸ்ஸுக்காக அங்கேதான் உட்காருவாள். மற்ற கடைகளில் 'ஏ மலைக்காரி' என்றுதான் கூப்பிடுவார்கள். உட்காரச் சொல்லமாட்டார்கள். நிர்மலா 'அக்கா' என்பாள். ஃபேனுக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போடுவாள். டீக்குக் காசு நீட்டினால், "எங்கிட்ட போய் கணக்கு பாக்கறீங்களா?" என்று கையைத் தள்ளிவிடுவாள். பிறகு எதிரில் உட்கார்ந்து மலைச் சேதியெல்லாம் கேட்பாள். கீழ்நாட்டுக்காரி ஒருத்தி தன் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்கிறாள் என்பதே கோவிந்தம்மாளுக்கு ஒரு நிறைவு. வாரத்தில் அந்த ஒரு மணி நேரத்துக்காகவே அவள் நல்ல புடவை ஒன்றைத் தனியாக எடுத்துவைத்திருந்தாள்.

"ஈரோட்டுக்காரனும் வரலியா? அடப் பாவமே" என்றாள் நிர்மலா.

"எல்லாம் உள்ள இருக்கற ஆளு செய்யற வேல நிர்மலா. யாருன்னும் தெரியும். வாய் தொறக்கத்தான் முடியல."

"அந்தப் படிச்ச புள்ளயா?"

கோவிந்தம்மாள் தலையசைத்தாள்.

நிர்மலா குரலைத் தணித்தாள். "நான் சொன்னேன்னு வேண்டாங்கா. படிச்சதுங்க மனசு நம்மளாட்டம் இருக்காது. பாத்து இருந்துக்கோங்க. அடுத்து எங்க பேசறாங்க?"

"திருப்பூர்ல ஒரு மளிகைக்காரராம். பேசிட்டு இருக்கறா."

"அதாவது அமையட்டும்" என்று சொல்லி நிர்மலா ஒரு வடையைத் தட்டில் வைத்தாள்.

திருப்பூரும் அமையவில்லை. அதே வழக்கு, அதே லாரி பயம். அன்று மாலையே கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். புளி மூட்டைகள்மேல் சாய்ந்தும் தரையில் குந்தியும் சனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்து யாரைக் கேட்கலாம் என்று பாஞ்சாலி ஆரம்பித்தாள்.

கோவிந்தம்மாள் எழுந்தாள். "அடுத்தவனக் கேக்கறதுக்கு முன்னால, நம்ம சேதி மாதவராஜுக்கு எப்படிப் போவுதுன்னு கேளு பாஞ்சாலி."

"எப்படிப் போவுது அண்ணி? சொல்லுங்க."

"பாறமேல ஏறி நின்னு யாரு பேசறாளோ அவளக் கேளு. மாதவராஜ் பொண்ணோட ஒண்ணாப் படிச்சவ யாருன்னு கேளு."

வெண்மதி முதலில் புரியாதவள்போல் பார்த்தாள். புரிந்ததும் முகம் வெளுத்தது. கையிலிருந்த போனை நடுவில் தார்ப்பாய்மேல் வைத்தாள்.

"யார் வேணும்னாலும் எடுத்துப் பாருங்க. யார் யாருக்குப் பேசினேன்னு அல்லாம் அதுல இருக்குது."

யாரும் எடுக்கவில்லை. ஆனால் "வேண்டாம்மா, உன்ன நம்பறோம்" என்றும் யாரும் சொல்லவில்லை. வெண்மதி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியில் அம்மாவைப் பார்த்தாள். பாஞ்சாலி தலைவியாக இருந்தாள். மகளுக்குப் பரிந்து பேசினால் ஊர் என்ன சொல்லும் என்று யோசித்தாள். அந்த யோசனைக்கு அவள் எடுத்துக்கொண்ட நேரமே போதுமானதாக இருந்தது. வெண்மதி குனிந்து போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் பழைய வேலையைத் தேடி ஓசூருக்குக் கிளம்பிவிட்டாள்.

கோவிந்தம்மாளுக்கு ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது. இனிமேல் நடக்கும் என்று நினைத்தாள். யாருக்கும் நம்பிக்கை இல்லாமல் எப்படி ஊர் ஒன்றாக நிற்கும், களையைப் பிடுங்கினால்தானே பயிர் வளரும் என்று மாதேஸ்வரனிடம் சொன்னாள். பாஞ்சாலி கொட்டகைக்கு வந்தாள், வேலையைப் பார்த்தாள், ஆனால் அண்ணி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

வியாபாரம் பேசும் வேலை கோவிந்தம்மாள் தலையில் விழுந்தது. வெண்மதி எழுதிக்கொடுத்துவிட்டுப் போன நம்பர்களை மாதேஸ்வரன் அழுத்திக் கொடுக்க, பாறைமேல் நின்று இவளே பேசினாள். சிலர் பாதியில் வைத்தார்கள். தர்மபுரியில் ஒரு மண்டிக்காரர் மட்டும் வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரம் நிர்மலா கடையில் நுழையும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

பக்கத்து மேசையில் தோசை தின்றுகொண்டிருந்த ஒருத்தி, "மலைக்காரங்க போயி என்ன யாவாரம் பண்ணப் போறாங்க" என்று கூட வந்தவளிடம் முணுமுணுத்தாள். கோவிந்தம்மாளுக்குச் சுருக்கென்றது. அவளுக்குக் கேட்கட்டும் என்றே குரலை உயர்த்தி நிர்மலாவிடம் சொன்னாள். "தர்மபுரி மண்டிக்குப் பேசி முடிச்சாச்சு. அடுத்து சொந்தமா லாரியே வாங்கப் போறோம். அட்வான்சு கூடக் கட்டியாச்சு."

லாரிப் பேச்சு அந்த நிமிஷத்தில் அவள் வாயில் வந்தது. ஜீப்புக்கே வழியில்லாத ஊரில் லாரியைப் பற்றி யாரும் கனவுகூடக் கண்டதில்லை.

"அட, சொல்லவே இல்லியே" என்று நிர்மலா கண்ணை விரித்தாள்.

தர்மபுரி மண்டிக்காரர் வரவில்லை. போனை எடுக்கவும் இல்லை. அதற்குள் கோடைமழை பிடித்துக்கொண்டது. கொட்டகையின் மேற்கு மூலையில் கூரை ஒழுகியது. அந்தப் பக்கத்து மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தால் புளி ஈரம் ஏறிக் கறுக்கத் தொடங்கியிருந்தது. பெண்கள் விறகடுப்புப் பக்கமாகப் பரப்பிக் காயவைத்தார்கள். புளியவளவில் எல்லா வீட்டிலும் புகையும் புளியுமாக இருந்தது. குத்தகைக்காரரிடமே போய்விடலாம் என்று சிலர் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

மழை விட்ட ஒரு மத்தியானம் சின்னராஜ் பைக்கில் மேலே ஏறி வந்தான். மாதவராஜுக்கு எடுபிடி அவன். மலையில் அவனைத் தெரியாதவர்கள் கிடையாது. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து, ஒரு சுளைப் புளியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டான்.

"ஐயா கேட்டுட்டு வரச் சொன்னாருங்க. கறுத்தது, கறுக்காதது அல்லாம் சேத்து ஒரே வெலயா எடுத்துக்குவாராம். இன்னும் நாள் போனா அதுவும் கெடைக்காது பாத்துக்கோங்க."

"வேண்டாம்" என்றாள் பாஞ்சாலி.

"ஒங்களுக்கு எதுக்கு வேணும்? சொந்த லாரில ஏத்திட்டு ஊரூராப் போயி விப்பீங்க. அட்வான்சு கட்டியாச்சாமே?" சிரித்துக்கொண்டே பைக்கை உதைத்துக் கிளம்பினான்.

"என்னா லாரி? என்ன உளறிட்டுப் போறான் இவன்?" என்று பாஞ்சாலி மற்ற பெண்களைப் பார்த்தாள். யாருக்கும் புரியவில்லை.

கோவிந்தம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். அந்த லாரி இந்த உலகத்திலேயே இல்லாத லாரி. மாதேஸ்வரனிடம்கூட அவள் சொன்னதில்லை. அது நிர்மலா கடையில் மட்டும் சொன்ன பொய்.

சேலம். கோயமுத்தூர். ஈரோடு. திருப்பூர். தர்மபுரி. ஒவ்வொரு பெயரையும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, டீ ஆற ஆறத் தன் வாயாலேயே சொன்னது வரிசையாக நினைவுக்கு வந்தது. பக்கத்து மேசைக்காரி கேட்டது அந்த ஒருநாள் பேச்சைத்தான், எல்லாப் பெயரையும் கேட்டவள் நிர்மலா ஒருத்திதான். அந்தக் கடை இருக்கும் கட்டடம் மாதவராஜின் மச்சானுடையது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை. மலை முழுக்கச் சந்தேகப்பட்டவளுக்கு அந்த நாற்காலிமேல் மட்டும் சந்தேகம் வரவில்லை.

அன்று அவள் சாப்பிடவில்லை. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒரு நினைப்பு வந்தது. அரூருக்குப் போவதை நிறுத்திக்கொண்டால் போதும். அடுத்த வியாபாரி வருவான், புளி போகும், எல்லாம் சரியாகும். ஓசூருக்குப் போனவள் போனவளாகவே இருப்பாள். அந்தக் கடைசி நினைப்பில்தான் அவள் எழுந்தாள்.

பாஞ்சாலி வீட்டில் அடுப்பருகே புளியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கோவிந்தம்மாள் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். லாரிப் பொய்யையும் சேர்த்துச் சொன்னாள். பாஞ்சாலி புரட்டுவதை நிறுத்தவே இல்லை.

"எங்கிட்ட சொல்லி என்னாத்துக்கு ஆவுது? அன்னிக்கு எங்க நின்னு பேசினீங்களோ அங்க நின்னு சொல்லுங்க."

சொன்னாள். கொட்டகையில் அதே சனம், அதே மூட்டைகள். ஆனால் இந்தத் தடவை பார்வைகள் அவள்மேல். யாரும் அழவில்லை, கத்தவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் நிதானமாகக் கேட்டது. "டீ மட்டுந்தான் குடுத்தாங்களா, வேற ஏதாச்சும் குடுத்தாங்களா?"

"டீயும் வடையும்" என்றாள் கோவிந்தம்மாள். யாரோ சிரித்தார்கள். அவள் உண்மையைத்தான் சொன்னாள். அதை நம்பியவர்கள் எத்தனை பேர் என்று அவளுக்கே தெரியவில்லை. நிரூபிக்க அவளிடம் கீழே வைக்க ஒரு போன்கூட இல்லை.

குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றாள். சிலர் தலையாட்டினார்கள். பாஞ்சாலி குறுக்கிட்டாள். "வெலக வேண்டாம். வூட்டுல உக்காந்து நீங்க என்ன செய்வீங்கன்னு எனக்கெதுக்கு யோசன? எங்க கண்ணு முன்னாலயே இருங்க."

மாதேஸ்வரன்தான் வெண்மதிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டு மனைவி கையில் கொடுத்தார்.

"தப்பு எம்மேலதான் கண்ணு" என்று கோவிந்தம்மாள் ஆரம்பித்து முழுதும் சொன்னாள். அந்தப் பக்கத்தில் கம்பெனி மெஷின் ஓடும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"நிர்மலா கடைக்கு இப்பவும் போறீங்களா அத்தை?" என்றாள் வெண்மதி.

"லாரி சேதி வந்ததுலருந்து போவல."

"போங்க. போவாம இருந்தாத்தான் அவங்களுக்குச் சந்தேகம் வரும். புளி அல்லாம் கெட்டுப் போச்சு, வைகாசி கழிச்சு மாதவராஜுக்கே குடுத்துடறதுன்னு ஊர்ல பேசிட்டாங்கன்னு சொல்லுங்க. மத்தத நான் பாக்கறேன்."

"யாருகிட்ட கண்ணு பேசப் போற?"

வெண்மதி போனை வைத்துவிட்டாள்.

கோவிந்தம்மாள் போனாள். அதே நல்ல புடவை, அதே நாற்காலி. நிர்மலா அதே மாதிரி டீ கொண்டுவந்து வைத்தாள். சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும்போது குரல் நடுங்கியது. நிர்மலா அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. கையைப் பிடித்துக்கொண்டு, "வுடுங்கக்கா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றாள். கண்கூடக் கலங்கியிருந்தது. கோவிந்தம்மாள் அந்தக் கண்ணையே உற்றுப் பார்த்தாள். இவள் காசுக்காகச் சொன்னாளா, கடையைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று பயந்து சொன்னாளா, இல்லை தன்னைப்போலவே யாரோ ஒருவரிடம் சாதாரணமாகப் பேசி வைத்தாளா? கேட்டுவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. டீக்குக் காசை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். அன்றைக்கு நிர்மலா கையைத் தள்ளவில்லை.

மாதவராஜ் வைகாசி கழியட்டும் என்று காத்திருந்தார். அதற்கு முன்னாலேயே ஒரு காலையில் லாரி மலையேறி வந்தது. வெண்மதி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இறங்கியதும் கறுத்த மூட்டைகளைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னாள். நல்லதை மட்டும் ஏற்றினார்கள். எடை போடும்போது இரண்டு வளவுக்காரர்களும் தராசைச் சுற்றி நின்றார்கள், ஒருவர் கண்ணில் மற்றவருக்கு நம்பிக்கை இல்லாததுபோல. அது வெண்மதி போட்ட விதி. யாரும் வருத்தப்படவில்லை. லாரி எந்த ஊருக்குப் போகிறது என்று யாரும் கேட்கவில்லை. டிரைவர் சொல்ல வாயெடுத்தபோது பாஞ்சாலியே தடுத்துவிட்டாள்.

ஏற்றி முடித்ததும் வெண்மதி அதே லாரியில் ஏறி உட்கார்ந்தாள். அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசினாள். அத்தை பக்கம் திரும்பவில்லை. கோவிந்தம்மாள் லாரி வளைவில் மறையும் வரை நின்றுகொண்டிருந்தாள்.

கறுத்த புளியை வீடுவீடாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். வந்த பணத்தில் பழைய ஜீப் ஒன்று வாங்கினார்கள். புதுசு வாங்கப் போதவில்லை. மேட்டில் ஏறும்போது இருமும், ஆனால் நிற்காது. ஆடி மாசம் எதிர்வளவுப் பெண் ஒருத்தியை அதில்தான் அரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கூடப் போன கோவிந்தம்மாள் பஸ் ஸ்டாண்ட் வழியாகப் போகாமல் சுற்றுப் பாதையில் ஓட்டச் சொன்னாள்.

ஓசூர் வேலையை மறுபடி விட்டுவிட்டு வெண்மதி மறு தை மாசம் திரும்பி வந்தாள். ஊர் கூப்பிட்டுத்தான் வந்தாள். இந்தத் தடவை நிபந்தனைகளோடு வந்தாள். போனில் பேசும்போது கூட ஒருவர் நிற்க வேண்டும். ஆள் வாராவாரம் மாற வேண்டும். கூட நிற்பவர் அந்த வாரம் கீழே இறங்கக் கூடாது.

முதல் வாரம் யார் என்று கேட்டபோது, "அத்தையே வரட்டும்" என்றாள்.

இருவரும் பாறைக்கு ஏறினார்கள். கோவிந்தம்மாளுக்கு மூச்சு வாங்கியது. ஏற முடியாத இடத்தில் வெண்மதி கை நீட்டினாள். மேலே போனதும் அந்தக் கையை எடுத்துக்கொண்டு நம்பரைத் தேட ஆரம்பித்தாள்.

"அத்தை, இங்கிலீஷ்ல பேசினா ஒங்களுக்குப் புரியாது. அப்பறம் எம்மேல சந்தேகம் வரும்."

"வரும்" என்றாள் கோவிந்தம்மாள். "தமிழ்லயே பேசு."

வெண்மதி சிரிக்கவில்லை. ஸ்பீக்கரைப் போட்டுப் போனை இருவருக்கும் நடுவில் பிடித்தாள். மணி அடிக்கத் தொடங்கியது.